எழுகூரையும் உலோக அரிப்பும்

உரோமாபுரியில் ஸான் ஜொவாக்கினோ எனப் பெயரிய தேவாலயம் ஒன்று உளது. அதன் குவிமாடத்தின் மேற்புறம் 1897-ஆம் ஆண்டில் அலுமினியத் தகடுகளால் வேயப்பெற்றது. அலுமினியத்தை மின்சாரத்தின் துணையால் மலிவாகப் பிரித்தெடுக்கும் வழியை, அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சு நாட்டில் எரூ என்பவரும் ஒருவரையொருவர் அறியாமலே 1886-இல் கண்டறிந்து, பதினோராண்டே கழிந்திருந்த காலம் அது. அத்துணைப் புதிய உலோகத்தைக் கோயிலின் தலைமேல் ஏற்றியோரின் துணிவு வீண்போகவில்லை. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்கூரை வெயிலும் மழையும் தாங்கி நிற்கின்றது. அங்ஙனமாக, அதே உலோகத்தால் இயற்றப்பெற்று, அதன்மேல் உயர்ந்த வர்ணமும் பூசப்பெற்று, ஆலையினின்றும் பளபளப்போடு வெளிவந்த ஒரு வண்டியின் கூரை, சிற்சில இடங்களில் பத்தாண்டு நிரம்புமுன்னரே கொப்புளித்து வெண்பொடியாய் உதிர்வானேன்? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். விடை கிடைத்துவிடின், பழுது தீர்க்கும் முறையும் வருமுன் காக்கும் முறையும் பெரும்பாலும் தாமே புலனாகும்.

அவ்வண்டியை மேனாட்டார் கேம்பர் வேன் என்பர். படுக்கையும் அடுப்பும் நீர்த்தொட்டியும் உள்ளடங்கிய, சக்கரங்களின்மேற் செல்லும் சிறு வீடு அது. ஓடுங்கால் அது தாழ்ந்திருத்தல் வேண்டும். இல்லையேல் காற்று எதிர்த்துத் தள்ளும். உயரத்திற்கு வரம்பு கட்டிய நிறுத்தகங்களுள் நுழைதலும் இயலாது. நின்றவிடத்திலோ, உள்ளிருப்போர் தலைநிமிர்ந்து நிற்குமளவு உயர்ந்திருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற எழுந்ததே எழுகூரை. பெட்டியின் மூடிபோல ஒருபுறம் கீலினாற் பிணிக்கப்பெற்று மறுபுறம் மேலெழும். எழுந்த இடைவெளியைக் கித்தான் மறைக்கும். அதனுள் ஒரு பலகையிட்டால் அதுவே இருவர் துயிலத்தக்க மேல்மாடி. இங்கிலாந்தில் போக்ஸ்டன் நகரத்து மார்ட்டின் வால்ட்டர் கம்பெனியார் 'டார்மொபீல்' என்னும் பெயரால், பக்கவாட்டில் எழும் கூரைகளை அமைத்துப் புகழ் பெற்றனர். ஜெர்மனியில் வோல்க்ஸ்வாகன் கம்பெனியார் 1950-இல் செய்யத் தொடங்கிய வேனுக்கு, வெஸ்ட்பாலியா கம்பெனியார் 1951 முதல் வீட்டுப் பொருள்களை அமைத்துத் தந்தனர். எழுகூரை பின்னர் வந்தது. 2003-இல் வோல்க்ஸ்வாகன் கம்பெனியார் தாமே ஹானோவர் நகரத்துத் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கிய 'கலிபோர்னியா' வண்டிக்கு அமைந்தது அலுமினியக் கூரை.

நம்முட் பலர் இவ்வண்டியைக் கண்ணாற் கண்டிலோம். ஆயினும் நம் மாணவர்க்கு இதனைப்பற்றி எழுதுதற்கு ஏது உண்டு. வேதியியல் வகுப்பில் வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு பாடமாகக் கேட்கும் உண்மைகள் நான்கைந்து, இவ்வொரு தகட்டின் விளிம்பில் ஒருங்கு கூடித் தொழில் செய்கின்றன. அன்றியும் இது வெறும் அழகைப்பற்றிய செய்தியன்று. அக்கூரையின் கீழ்த் துயில்வோர் பெரும்பாலும் குழந்தைகள். வண்டி மணிக்கு நூறு கிலோமீட்டர் விரைவிற் செல்லும்போது காற்று அக்கூரையைப் பற்றி மேலிழுக்கின்றது. அவ்விழுப்பைத் தாங்குவன கீல்களும், தாழ்களும், அவை பொருந்திய சில விரற்கிடை உலோகமுமே. அவ்வுலோகம் வர்ணத்தின் அடியில் உறுதியாக உளதோ, உளுத்துப் போயிற்றோ என்பதை அறியாது ஒருவர் தம் மக்களை ஏற்றிக்கொண்டு நெடுவழி செல்லுதல் தகாது.

எழுகூரை எல்லாம் அலுமினியமல்ல என்பதனையும் இங்கே சொல்லிவிடுதல் வேண்டும். பழைய வெஸ்ட்பாலியாக் கூரைகள் கண்ணாடியிழையாலானவை. கண்ணாடியிழைக்குத் துருவில்லை, அதன் மேற்றோல் வெடிக்கலாம், நிறம் மங்கலாம், அவ்வளவே. ஆனால் அதனைத் தாங்கும் கீலும் திருகாணியும் அதன் கீழுள்ள வண்டியின் உடலும் எஃகே. ஆதலின் கூரை நோயற்றதாயினும் கூரை அமர்ந்த இடம் நோயுறும். அதனைப் பின்னர்க் காண்போம்.

நம் மொழியில் இரும்பின் நோய்க்குத் துரு என்றும், செம்பு பித்தளைகளின் நோய்க்குக் களிம்பு என்றும் தனிப்பெயர் உண்டு. அலுமினியத்தின் நோய்க்குப் பழம்பெயர் இல்லை. அவ்வுலோகமே நம்மிடம் பிந்தி வந்ததாகலின். பொதுவாக அரிப்பு என்றே வழங்குவோம். வியப்பு யாதெனின், அலுமினியம் இயல்பில் இரும்பைக் காட்டிலும் பிராணவாயுவின்மேல் மிக்க வேட்கையுடையது. அறுத்த நொடியிலேயே அறுபட்ட முகத்தில் பிராணவாயு வந்து கூடிவிடும். ஆயின் அவ்வாறு கூடியதனால் உண்டாகும் படலம் இரும்பின் துருவைப்போல உதிர்வதன்று. தகட்டோடு இறுகப் பற்றிக்கொண்டு, மேலும் காற்றும் நீரும் புகாவண்ணம் தடுத்து நிற்கும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறிட்டால் அவற்றுள் மூன்று நான்கு கூற்றின் கனமே அப்படலத்திற்கு உண்டு. கீறினாலும் மீண்டும் தானே மூடிக்கொள்ளும். அலுமினியம் நிலைத்து நிற்பது அதன் வலிமையால் அன்று, இம்மெல்லிய போர்வையால்.

இப்போர்வைக்கு இரண்டு பகை. மிக்க புளிப்பும் மிக்க காரமும் அதனைக் கரைக்கும், இஃது ஒன்று. உப்பில் உள்ள குளோரைடு அதனை ஆங்காங்கு ஊசிமுனையளவு துளைக்கும், இது மற்றொன்று. ஊறுகாயை அலுமினியப் பாத்திரத்தில் இட்டு வைத்தலாகாது என்பதை நம் அடுக்களையில் அறியாதாரில்லை. புளிப்பும் உப்பும் ஒருங்கே சேர்ந்த அவ்விடத்தில் பாத்திரத்தின் அடி குழிகுழியாய் அரிக்கப்படும். ஒருமுறை குழி விழுந்துவிட்டால் அதனுள்ளே கரைந்த உலோகம் நீரோடு கலந்து மேலும் புளிப்பை உண்டாக்குகின்றது. அப்புளிப்பு மேலும் உலோகத்தைக் கரைக்கின்றது. ஆகவே குழி தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும்.

இனி உப்பு வண்டியின் கூரைக்கு வந்த வழியைக் காண்போம். ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் குளிர்காலத்தில் சாலைகளில் பனிக்கட்டி உறையாதிருக்கும் பொருட்டு உப்பைத் தூவுவர். முன்செல்லும் வண்டிகளின் சக்கரங்கள் அவ்வுப்புநீரைத் துகளாக்கி வீச, பின்வரும் வண்டியின் கூரைவரை அது படியும். கடற்கரையில் நிறுத்தினாலோ காற்றே உப்பைக் கொண்டு சேர்க்கும். கூரையின் நடுப்பகுதியில் விழுந்த உப்பை அடுத்த மழை கழுவிவிடுகின்றது. விளிம்பில் விழுந்ததோ, கூரைக்கும் வண்டியுடலுக்கும் இடையே நீர் புகாதிருக்கும்படி அமைத்த ரப்பர்ப் பட்டையின் அடியில் ஒடுங்கிக்கொள்கின்றது. அங்கு மழையும் செல்லாது, வெயிலும் செல்லாது. சோற்றுப்பு காற்றின் ஈரம் நூற்றுக்கு 75 பங்கை எட்டியவுடன் அவ்வீரத்தை உறிஞ்சித் தானே நீராய்க் கரையும் இயல்புடையது. வட ஐரோப்பாவின் குளிர்காலத்தில் ஈரம் அவ்வளவினும் மிக்கிருக்கும் நாள்களே மிகுதி. எனவே மழை பெய்யாத நாளிலும் அப்பட்டையின் அடி நனைந்தே கிடக்கும். உரோமாபுரியின் குவிமாடம் பிழைத்ததும் வண்டியின் கூரை நோயுற்றதும் இதனாலேயே. அங்கு மழை கழுவுகின்றது, காற்று உலர்த்துகின்றது. இங்கு நீரைத் தடுக்க வைத்த பட்டையே நீரைச் சிறைப்படுத்துகின்றது.

பட்டையின் அடியில் மற்றொரு கேடும் உண்டு. நீரில் கரைந்த பிராணவாயு அவ்விடுக்கினுள் செலவாகிவிட்டால், வெளியினின்றும் புதிதாக வந்து சேர்வது அரிது. போர்வை பழுதுபட்ட இடத்தில் மீண்டும் மூடிக்கொள்வதற்குப் பிராணவாயு வேண்டுமன்றோ? அது கிடையாமையால் இடுக்கின் உட்புறம் அழியும் முனையாகவும், காற்றோட்டமுள்ள வெளிப்புறம் காக்கப்படும் முனையாகவும் மாறி, ஒரே தகட்டில் சிறு மின்கலம் ஒன்று உண்டாகின்றது.

வர்ணம் பூசியிருக்க உலோகம் எங்ஙனம் அரிபடும் என்று சிலர் வினவலாம். வர்ணத்தில் ஒரு மயிரிழைப் பிளவு போதும். அது கீலின் திருகாணியை முடுக்கியபோது நேர்ந்திருக்கலாம். மரக்கிளை உரசியபோது நேர்ந்திருக்கலாம். தகட்டின் கூரிய விளிம்பில் வர்ணம் இயல்பாகவே மெலிந்து நின்றதாகவும் இருக்கலாம். அவ்வழியே உப்புநீர் புகுந்தால், வர்ணத்திற்கும் உலோகத்திற்கும் இடையே நூல்போன்று ஓர் அரிப்பு நெளிந்து செல்லும். மரத்தினுள் புழு குடைந்த தடத்தைப் பார்த்தோர் இதனைக் கண்டவுடன் அறிந்துகொள்வர். இழையின் தலைப்பகுதி புளிப்பு மிக்கு முன்னேறிச் செல்ல, வால்பகுதியில் வெண்பொடி எஞ்சி நிற்கும். அப்பொடி, தான் தோன்றுதற்குக் காரணமான உலோகத்தினும் மிகுந்த இடங் கொள்வது. ஆதலால் வர்ணத்தை உந்தித் தூக்கும். நாம் வெளியே காணும் கொப்புளம் அது. கொப்புளம் காசளவு தோன்றினால், அடியில் அரிப்பு அதனினும் அகன்று பரந்திருக்கும் என்று கொள்ளுதல் வேண்டும்.

இதுகாறும் கூறியது ஒரே உலோகத்தில் நேர்வது. இரண்டு உலோகங்கள் தொட்டிருக்குமிடத்தில் கேடு பின்னும் மிகும். இதற்கு நாவாய்களின் வரலாற்றினின்றும் ஒரு சான்று உண்டு. ஆங்கிலக் கடற்படையைச் சேர்ந்த 'அலாரம்' என்னும் கப்பலின் அடிப்புறத்திற்கு, மரத்தைத் துளைக்கும் கடற்புழுவினின்றும் காக்கும் பொருட்டு 1761-இல் செப்புத் தகடு அறைந்தனர். இரண்டாண்டு கழித்துப் பார்க்கையில் செம்பு நன்றாயிருந்தது. அதனைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பாணிகளோ அரித்துத் தேய்ந்து போயிருந்தன. எனினும் சில ஆணிகள் மட்டும் கேடின்றி இருந்தன. ஆராய்ந்தபோது, தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அவ்விடங்களில் அகற்றப்படாமல் ஆணிக்கும் செம்புக்கும் இடையே அகப்பட்டிருந்தமை தெரிந்தது. வோல்ட்டா தம் மின்கலத்தை உலகிற்கு அறிவித்தது 1800-இல் என்பதை நினைவுகூர்ந்தால், அதற்கு ஏறக்குறைய நாற்பதாண்டுகட்கு முன்னரே கடல்நீர் அப்பாடத்தை ஒரு துண்டுக் காகிதத்தைக்கொண்டு கற்பித்துவிட்டமை விளங்கும்.

எழுகூரையில் செம்பின் இடத்தை எஃகும், இரும்பாணியின் இடத்தை அலுமினியமும் பெறுகின்றன. உப்புநீரில் உலோகங்களை வரிசைப்படுத்தினால் துத்தநாகமும் அலுமினியமும் எளிதில் அழியும் பக்கத்திலும், துருவேறா எஃகு அழியாப் பக்கத்திலும் நிற்கும். ஆகவே அலுமினியக் கூரையில் எஃகுக் கீலையோ துருவேறாத் திருகாணியையோ நேரே பொருத்தினால், அழிவது திருகாணியன்று. அதனைச் சூழ்ந்த கூரையே. துருவேறாத் திருகாணி எப்பொழுதும் நல்லது என்று எண்ணுவோர் இதனைக் கருதுவதில்லை. பரப்பின் அளவும் இங்கே நோக்கத்தக்கது. அகன்ற தகட்டில் ஒரு சிறு ஆணி என்றால் கேடு மெல்லவே நிகழும். ஆனால் தகடு முழுதும் வர்ணம் மூடியிருக்க, ஆணியின் அருகே மட்டும் வர்ணம் பிளந்திருக்குமாயின், அழியும் பரப்பு மிகச் சிறிதாகின்றது. அரிப்பு முழுதும் அவ்வொரு புள்ளியில் குவிந்து ஆழமாய் இறங்கும்.

வண்டியின் எஃகுடலையும் மறத்தலாகாது. சாதாரண வேனை வாங்கிப் பின்னர் எழுகூரை அமைப்போர், அதன் மேற்றகட்டில் பெரிய வாயிலொன்றை அறுப்பர். அறுத்த விளிம்பு ஆலையில் பெற்ற காப்புப் பூச்சு ஏதுமற்ற பச்சை எஃகு. அதனை நன்கு பூசி மூடாமல் சட்டத்தை ஒட்டிவிட்டாலும், அறுக்கும்போது சிதறிய இரும்புத் துகளைத் துடைக்காமல் மடிப்புகளில் விட்டுவிட்டாலும், துரு அங்கிருந்தே தொடங்கும். அறுத்துப் பொருத்தும் தொழிலில் இருபது நிமிடம் மிச்சம் பிடித்தவர் வைத்துப்போன கடன் அது. வட்டியோடு இறுப்பவர் வண்டிக்கு உடையவர்.

நிற்க. பழுது தீர்க்கும் முறைக்கு வருவோம். முதற்கண் செய்யத்தகாதது ஒன்றைச் சொல்லிவிடுகின்றோம். கொப்புளத்தின்மேல் உப்புத்தாளைச் சிறிது தேய்த்து, பட்டி பூசி, வர்ணம் தெளித்து அழகுபடுத்துதல் பயனற்றது. உப்பு அடியிலேயே இருக்கின்றது. ஈரம் அடியிலேயே இருக்கின்றது. ஓராண்டு ஈராண்டிற்குள் கொப்புளம் தன் பழைய இடத்திற்குச் சற்று அப்பால் தலைகாட்டும். விற்கும் நோக்கமுடையார்க்கு இம்முறை இனிதாகலாம், வைத்துக்கொள்வோர்க்கு ஆகாது.

உண்மையான சிகிச்சை, ரப்பர்ப் பட்டையையும், வேண்டுமாயின் கீல்களையும் கழற்றுவதிலேயே தொடங்கும். கூரை கனமானது, அதனைத் தூக்கி நிறுத்தும் வாயுக்குழாய்கள் அழுத்தத்தில் இருப்பவை. ஆதலின் கூரையைத் தக்கவாறு முட்டுக்கொடுத்து நிறுத்தாமலும், துணையாளின்றித் தனியேயும் கீலைத் தொடலாகாது. பட்டை நீங்கியபின் அதன் தடத்தை நன்னீராற் பன்முறை கழுவி உலர்த்துக. பின்னர்க் கொப்புளத்தின் வர்ணத்தைச் சுரண்டி, ஒளிவிடும் நல்ல உலோகம் தோன்றும்வரை செல்க; அதனோடு நில்லாது, நல்ல வர்ணம் உறுதியாகப் பற்றியுள்ள எல்லையையும் தாண்டி இரண்டு மூன்று விரற்கிடை அகலம் நீக்குக. இழையின் தலை ஒன்று தப்பிவிட்டாலும் அது மீண்டும் ஊரத் தொடங்கும்.

இங்கே கருவியைப்பற்றி ஒரு சொல். அலுமினியத்தை இரும்புக் கம்பித் தூரிகையாலும் இரும்புப் பஞ்சாலும் தேய்த்தலாகாது. எஃகைத் தேய்த்த வட்டையும் அதன்மேல் ஓட்டலாகாது. இரும்புத் துகள்கள் மெத்தென்ற அலுமினியத்தில் பதிந்து, ஒவ்வொன்றும் ஒரு சிறு மின்கலமாகி, நாம் நீக்க வந்த நோயை நாமே விதைத்தவராவோம். புதிய உப்புத்தாளும் நைலான் தேய்ப்பான்களுமே ஏற்றவை. மேலும் நுண்ணிய அலுமினியத் தூள் காற்றிற் கலந்தால் தீப்பற்றி வெடிக்க வல்லது. இரும்புத் துருவோடு சேர்ந்த அலுமினியத் தூள் தண்டவாளங்களை உருக்கி ஒட்டுதற்குப் பயன்படும் அளவு வெம்மை தரும். ஆகவே எஃகு தேய்க்கும் மேசையிலேயே அலுமினியத்தையும் தேய்த்து, இரண்டு தூளையும் ஒன்றாகக் குவித்து வைத்தல் அறிவுடைமையன்று. மூக்கையும் கண்ணையும் மூடிக்கொள்ளுதல் சொல்லாமலே அமையும்.

குழிகளின் அடியில் வெண்பொடி எஞ்சி நின்றால் பாஸ்பாரிக் அமிலம் கலந்த கழுவுநீரைப் பயன்படுத்திப் பின் நன்னீரால் கழுவுவர். இரும்பின் துருவை மாற்றும் மருந்தென்று கடைகளில் விற்பதை அலுமினியத்திற்கு இடலாகாது. அது வேறு நோய்க்கு அமைந்த மருந்து. எண்ணெய்ப் பசை முற்றும் நீங்கியதா என்று அறிதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. தூய நீரைத் தகட்டின்மேல் ஊற்றுக. நீர் இடையறாத படலமாய்ப் பரவி நின்றால் தூய்மையுற்றது. தாமரை இலையிற்போல முத்துமுத்தாய்த் திரண்டால் இன்னும் பசை இருக்கின்றது. தூய்மை செய்த தகட்டில் சில மணி நேரத்திற்குள் முதற்பூச்சு இடவேண்டும். தாழ்த்தால் மீண்டும் காற்றின் அழுக்கும் ஈரமும் படிந்து, பூச்சு பற்றாது.

அம்முதற்பூச்சே இத்தொழிலின் உயிர்நிலை. வான ஊர்திகளின் அலுமினியத்திற்கு முற்காலத்தில் குரோமேட்டு கலந்த பூச்சுக்களைப் பெரிதும் கையாண்டனர். அரிப்பைத் தடுப்பதில் அவற்றுக்கு நிகர் அரிது; ஆனால் அவ்வகைக் குரோமியம் புற்றுநோய் விளைப்பதென்று அறிந்தபின் வேறு வழிகளை நாடினர். இக்காலத்துப் பட்டறைகளில் தகட்டைச் சிறிதே அரித்துப் பற்றும் அமிலப் பிரைமரை மெல்லிதாய் இட்டு அதன்மேல் மற்றவற்றைப் பூசுவதும் உண்டு. இருபொருள் கலந்து இறுகும் எபாக்ஸிப் பிரைமரை நேரே தகட்டில் இடுவதும் உண்டு. அமிலப் பிரைமரின்மேல் எபாக்ஸியை ஏற்காத வகைகளும் உள. ஆதலின் செய்தவர் தரும் குறிப்பை வாசியாமல் இரண்டையும் அடுக்குதல் கூடாது. எங்கள் கருத்தில் வெளியே நிற்கும் கூரைக்கு எபாக்ஸியே மேலானது. நீரைத் தடுப்பதில் அது வல்லது. பட்டி போடுவதாயின் எபாக்ஸி இறுகியபின் அதன்மேலேயே போடுக. வெறுந் தகட்டிலும் அமிலப் பிரைமரிலும் போடலாகாது. மேல்வர்ணம் இருபொருட் பாலியூரிதேன் ஆயின், அதனை இறுகச் செய்யும் ஐசோசயனேட்டு மூச்சுக்குழலைக் கெடுத்து ஆஸ்துமாவை விளைக்கும். சாதாரணத் துணி முகமூடி அதற்குப் போதாது. வெளியினின்றும் காற்று ஊட்டப்பெறும் கவசம் அணிந்தோரே தெளித்தல் வேண்டும். இவ்வொரு படியை மட்டுமாவது பட்டறையாரிடம் விடுதல் நன்று.

தகடு துளைபட்டே போயிருந்தால் என் செய்வது? துளை சிறிதாய், கீலுக்கும் தாழுக்கும் எட்டாத இடத்திலிருந்தால், அடியில் அலுமினியத் துண்டொன்றை எபாக்ஸிப் பசையால் ஒட்டி நிரப்பலாம். மெல்லிய தகட்டில் பற்றவைத்தல் எளிதன்று. வெம்மையால் தகடு நெளியும். உட்புறத்து நுரையும் பசையும் கருகும். கீல் பொருந்தும் இடமே அரிக்கப்பட்டிருந்தால் ஒட்டுவேலை செய்து ஏமாந்து போகலாகாது. அங்குப் புதிய உலோகமோ புதிய கூரையோதான் வேண்டும். எஃகுடலில் கண்ட துருவும் இவ்வாறே ஒளிரும் உலோகம்வரை நீக்கப்பட்டு, குழிகளில் மட்டும் துருமாற்றி இட்டு, எபாக்ஸி பூசி, எட்டாத உட்குழிகளில் மெழுகு தெளித்து மூடப்படல் வேண்டும். மீண்டும் பூட்டுங்கால் ஒவ்வோர் எஃகு ஆணிக்கும் நைலான் வாஷரும் உறையும் இட்டு, மரைகளில் இவ்விணைப்பிற்கென விற்கும் பசையைத் தடவுக. அலாரம் கப்பலில் பழுப்புக் காகிதம் தற்செயலாய்ச் செய்ததனை நாம் அறிந்து செய்வது இது.

வருமுன் காத்தலில் பெரும்பகுதி கழுவுதலும் உலர்த்துதலுமே. குளிர்காலம் கழிந்தவுடன் கூரையை உயர்த்தி, பட்டையை மெல்லத் தூக்கி, அதன் அடியை நன்னீரால் கழுவித் துடைத்துக் காற்றாட விடுதல் வேண்டும். விசைநீர்க் குழாயைப் பட்டையின்மேல் நேரே பாய்ச்சினால், வெளியே நின்ற உப்பை உள்ளே புகுத்தியவராவோம். மழையில் மடக்க நேர்ந்த கித்தானை வீடு சேர்ந்தவுடன் விரித்து உலர்த்துக. நனைந்த கித்தான் மடிந்து கிடந்தால் பூஞ்சணம் பிடிப்பதோடு, கூரையின் உட்புறத்தையும் வியர்க்கச் செய்யும். காற்றுப் புகாத தார்ப்பாயால் வண்டியை மூடி வைப்போர் காப்பதாக எண்ணிக்கொண்டு கெடுக்கின்றனர். உப்பு படிந்த வண்டியைக் கழுவாமல் வெதுவெதுப்பான கொட்டகையில் நிறுத்துதல், குளிர்ந்த வெளியில் நிறுத்துதலினும் தீது. வெம்மை மிக மிக அரிப்பும் விரையும்.

ரப்பர்ப் பட்டை காய்ந்து சுருங்காதிருக்க மசகு இடுவர். பெட்ரோலிய எண்ணெயும் கிரீசும் அவ்வகை ரப்பரை உப்பச் செய்யுமாதலின் சிலிக்கோன் மசகே ஏற்றது. ஆனால் அதே சிலிக்கோன் வர்ண வேலைக்குப் பெரும்பகை. தகட்டில் அணுவளவு இருந்தாலும் புதிய வர்ணம் அவ்விடத்தில் ஒட்டாது விலகி, மீன்கண் போன்ற வட்டக்குழிகள் தோன்றும். ஆகவே பழுது தீர்த்து, வர்ணம் முற்றும் இறுகும்வரை அதனை அண்டவிடலாகாது. இடுக்குகளை அடைக்கும் பசையிலும் கவனம் வேண்டும். மலிவான சிலிக்கோன் அடைப்பான் சிலவற்றைப் பிதுக்கினால் காடி நாற்றம் வீசும். அது இறுகும்போது வெளிவரும் அசெட்டிக் அமிலத்தின் மணம். குளியலறைக் கண்ணாடிக்குப் பொருந்தும், உலோகக் கூரைக்கு ஆகாது. புளிப்பு வெளியிடாத வகையையோ பாலியூரிதேன் அடைப்பானையோ கேட்டு வாங்குக. சூரிய மின்தகடு, சைக்கிள் தாங்கி, பந்தல் முதலியவற்றைப் பொருத்த வேண்டிக் கூரையில் புதுத்துளை இடுவோர், ஒவ்வொரு துளையின் விளிம்பையும் பூசிய பின்னரே ஆணியை இறக்கவேண்டும்.

பழைய வண்டியை வாங்க எண்ணுவோர்க்கு ஒன்று கூறி முடிக்கின்றோம். எஃகுடலில் பட்டி மறைந்திருப்பதைக் காந்தத்தால் அறியலாம். அலுமினியத்தில் காந்தம் எங்குமே ஒட்டாதாகலின் அச்சோதனை பயன்படாது. அலுமினியத்தின்மேல் வர்ணத்தின் கனத்தை அளக்கும் சிறு கருவி உண்டு. அளக்கும் கருவி இரும்பிற்கு மட்டும் உரியதன்று என்பதை உறுதிசெய்துகொண்டு எடுத்துச் செல்க. ஆலையின் வர்ணம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கை அடுத்து நிற்கும். விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் அது பன்மடங்கு காட்டினால் அங்கே பட்டி உளது. பட்டியின் அடியில் என்ன இருந்தது என்று விற்பவரை வினவுக. கூரையை உயர்த்தச் சொல்லி, பின்புறத்து மூலைகளிலும் கீலின் அருகிலும் பட்டையைத் தூக்கி விரலால் தடவிப் பார்க்க. மணல்போல் நெருடும் வெண்பொடி விரலில் ஒட்டினால், விலை பேசுவதற்கு முன் பட்டறையாரின் மதிப்பைக் கேட்க வேண்டும்.